என்னிடம் மூன்றில் ஒரு விமானம் இருக்கிறது

போன டிசம்பரில் அப்பா சான் ஹோசே வந்திருந்தபோது ரீட்-ஹில்வியூ விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். கம்பிவேலிக் கதவைத் திறந்து உள்ளே போய், மூன்று இடத்தில் சங்கிலி போட்டுத் தரையோடு கட்டியிருந்த எங்கள் சின்ன செஸ்னா விமானத்தைக் காட்டினேன். ஒரு சுற்று சுற்றி வந்தார். இறக்கையை விரலால் சுண்டிப் பார்த்தார், பழைய டிரங்குப் பெட்டி மாதிரிச் சத்தம் வந்தது. "எந்த வருசத்து வண்டி?" என்றார். 1975 என்றேன். "விலை?" சொன்னேன். மூன்று பேர் சேர்ந்து வாங்கியது என்பதையும் சேர்த்தே சொன்னேன், அதில் கொஞ்சம் சமாதானம் அடைவார் என்ற நினைப்பில். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "பங்காளியோட கிணறே வேணாம்னு ஓடி வந்தவன், பங்காளியோட ஏரோப்ளேன் வாங்கிருக்க" என்றார்.

திண்டுக்கல் பக்கம் எங்களுக்கு ஒரு கிணற்றில் நாலில் ஒரு பங்கு உண்டு. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள், எங்கள் முறை செவ்வாய்க்கிழமை. மோட்டாரில் காயில் கருகிப்போனால் யார் முறையில் கருகியது என்பதுதான் முதல் கேள்வி, எப்படிச் சரி செய்வது என்பது மூன்றாவதோ நாலாவதோ. அப்பா சொன்னதை நான் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாலும், விமானத்தைப் பங்கு போட்டு வைத்திருப்பதைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் பறக்கிறேன் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, மணிக்கு எவ்வளவு ஆகும் என்பது. வாடகைக்கும் எடுத்திருக்கிறேன், சொந்தமாக வாங்கலாமா என்று ஆறு மாதம் தூக்கம் கெட்டிருக்கிறேன், இப்போது பங்கில் இருக்கிறேன், ஆகவே மூன்றுக்கும் கணக்கு என்னிடம் இருக்கிறது. கலிஃபோர்னியக் கணக்கு இது, அதிலும் விலைவாசி மோசமான சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக் கணக்கு. கான்சாஸிலோ ஓக்லஹோமாவிலோ இருப்பவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம்.

2017-இல் உரிமம் வாங்கியதும் எல்லோரையும் போல ஒரு பறக்கும் கிளப்பில் சேர்ந்து வாடகைக்கு எடுத்தேன். வாடகையில் பெட்ரோலும் ஆயிலும் சேர்த்தி. நீங்கள் வெளியூரில் போட்டால் ரசீதைக் கொடுத்துக் கழித்துக்கொள்ளலாம். இப்போது அதே கிளப்பில் அதே மாதிரி செஸ்னா 172-க்கு மணிக்கு 195 டாலர். இதில் மணி என்பது எந்த மணி என்று பார்க்க வேண்டும். சின்ன விமானத்தில் இரண்டு மீட்டர்கள் இருக்கும். ஹாப்ஸ் என்பது கடிகாரம் மாதிரி, எஞ்சினில் ஆயில் அழுத்தம் வந்ததும் ஓட ஆரம்பித்துவிடும், நீங்கள் ஓடுபாதைக்கு வெளியே ஏழாவது ஆளாக வரிசையில் நின்றாலும் ஓடும். டாக் என்பது எஞ்சின் சுழற்சியை எண்ணுகிற மீட்டர், மெதுவாகச் சுழன்றால் மெதுவாக ஓடும். வாடகைக்காரர்கள் ஹாப்ஸில்தான் வசூலிப்பார்கள். நான் பறக்கிற விதத்தில் டாக்கில் ஒரு மணி என்றால் ஹாப்ஸில் ஒன்றே கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு. ஆட்டோ மீட்டரில் வெயிட்டிங் சார்ஜ் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே சிக்னலில் உட்கார்ந்திருக்கிற அதே உணர்வு, காதில் ஹெட்செட்டோடு.

ஆனாலும் வாடகையைக் குறை சொல்ல மாட்டேன். பறந்துவிட்டு வந்து சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். ராத்திரி மழை பெய்தால் புரண்டு படுத்துத் தூங்கலாம், யாருடைய விமானமோ நனைகிறது. வருடத்துக்கு முப்பது மணி நேரத்துக்குள் பறக்கிறவர்களுக்கு வேறு எதுவும் கட்டுப்படியாகாது, இதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை எங்கே கடிக்கும் என்றால், தங்கும்போது. 2018 ஜூலையில் ஒரு சனிக்கிழமை நானும் ஒரு நண்பரும் ஹாஃப் மூன் பேவுக்குப் போனோம், அரை மணி நேரப் பயணம், மதியச் சாப்பாடு, திரும்பி வர வேண்டியது. சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் கடலிலிருந்து மூடுபனி ஏறி ஓடுபாதையின் பாதியை விழுங்கிவிட்டது. கோடைக்காலத்தில் அந்தக் கரையில் அது அன்றாட நிகழ்ச்சிதான், எனக்குத்தான் அனுபவம் போதவில்லை. கருவிகளை வைத்துப் பறக்கிற தகுதி அப்போது என்னிடம் இல்லை. மூன்று மணி நேரம் காத்திருந்துவிட்டு என் மனைவிக்கு போன் செய்தேன். ஒரு மணி நேரம் காரோட்டி வந்து, ஒரு வார்த்தை திட்டாமல் கூட்டிப்போனாள், திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது. மறுநாள் மதியம் மறுபடி காரில் போய் விமானத்தை எடுத்து வந்தேன். கிளப்பில் ஒரு ராத்திரி வெளியே தங்கினால் பறக்காவிட்டாலும் இரண்டு மணி நேர வாடகை என்று விதி. அதுபோக அடுத்த நாள் காலை அந்த விமானத்தைப் பதிவு செய்திருந்தவரின் முறையைக் கெடுத்த பாவம் வேறு. இந்த விதி இருப்பதால்தான் வாடகைக்கு எடுக்கிறவர்கள் எல்லோரும் இரண்டு மணி நேர வட்டத்துக்குள்ளேயே வருடக்கணக்கில் சுற்றிச்சுற்றி வருகிறார்கள். அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போனால் வண்டியை வாசலில் நிறுத்தி மூன்று நாள் தங்குவோமே, அந்த மாதிரிப் போக முடியாது.

சரி, வாங்கிவிடலாம் என்று 2020-இல் இறங்கினேன்.

புதுசு என்ற பேச்சுக்கே இடமில்லை, புதிய 172 இப்போது 4 லட்சம் டாலருக்கு மேல். இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1980-களில் விமானக் கம்பெனிகள் மேல் வழக்குமேல் வழக்கு, முப்பது வருடத்துக்கு முன்னால் செய்த விமானம் விழுந்தால்கூடத் தயாரித்தவரே பொறுப்பு என்று இழப்பீடு கேட்டார்கள், காப்பீட்டுச் செலவு தலைக்கு மேல் போனது. செஸ்னா 1986-இல் பிஸ்டன் எஞ்சின் விமானங்களை நிறுத்தியே விட்டது. 1994-இல் ஒரு சட்டம் வந்து, 18 வருடம் தாண்டிய விமானத்துக்குத் தயாரித்தவர் பொறுப்பில்லை என்று பெரும்பாலும் ஆனபிறகுதான் 1996-இல் கான்சாஸில் மறுபடி ஆரம்பித்தார்கள். இடையில் பத்து வருட ஓட்டை. அதனால்தான் இங்கே அம்பது வயசு விமானத்தை யாரும் பழசு என்று சொல்வதில்லை. 172 இதுவரை 44,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள், உலகத்தில் வேறெந்த விமானமும் இந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. தெருவுக்கு நாலு டி.வி.எஸ். 50 நின்ற காலம் மாதிரி, பாகம் கிடைக்கும், கைபோட்ட மெக்கானிக்கும் கிடைப்பார்.

முதலில் பார்த்த விமானம் பார்க்க அவ்வளவு அழகு. புதுப் பெயிண்ட், தோல் இருக்கை, ஒன்பது வருடத்தில் மொத்தமே அறுபது மணி நேரம்தான் பறந்திருக்கிறது. கார் வாங்குகிற புத்தியில் எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. வாங்குவதற்கு முன் சோதிக்கக் கூட்டிப்போன மெக்கானிக் அந்த அறுபது என்ற எண்ணைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார். இந்த லைகமிங் கம்பெனி எஞ்சின்களில், வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் ஷாஃப்ட் மேலே இருக்கும். எஞ்சினை நிறுத்தியதும் ஆயில் எல்லாம் கீழே வடிந்துவிடும், மாதக்கணக்கில் ஓட்டாமல் போட்டால் மேலே இருப்பது காய்ந்து துருப்பிடிக்கும், அப்புறம் ஓட்டும்போது அந்தத் துரு உதிர்ந்து எஞ்சின் முழுக்க ஊர்வலம் போகும். ஒரு சிலிண்டரைக் கழற்றிக் கேமைப் பார்க்க அனுமதி கேட்டோம், உரிமையாளர் மறுத்தார், நாங்கள் வந்துவிட்டோம்.

சும்மா கிடப்பதுதான் விமான எஞ்சினைக் கொல்லும், ஓடுவதல்ல. 1958 டிசம்பரில் ராபர்ட் டிம், ஜான் குக் என்ற இரண்டு பேர் இதே 172-ஐ லாஸ் வேகாஸில் கிளப்பி, தரையிறங்காமல் 64 நாள் பறந்தார்கள், கீழே ஓடுகிற லாரியிலிருந்து குழாய் மூலம் பெட்ரோலை மேலே இழுத்துக்கொண்டு. 1959 பிப்ரவரியில்தான் இறங்கினார்கள். அந்த விமானம் இன்றைக்கும் வேகாஸ் விமான நிலையத்தில் பெட்டிகள் வந்து சேருகிற இடத்துக்கு மேலே தொங்குகிறது. குளித்தது எங்கே என்பது மாதிரியான கேள்விகளுக்குள் போக வேண்டாம்.

இனி கணக்கு. கீழே வருவது எங்கள் விமானத்துக்கு வருடத்துக்கு ஆகிற நிலையான செலவு, ஒரு மணி நேரம்கூடப் பறக்காவிட்டாலும் கொடுத்தே ஆக வேண்டியது. சங்கிலி போட்டு நிறுத்துகிற இடத்துக்கு 2,400 டாலர், மேலே கூரை கிடையாது, கூரை வேண்டுமென்றால் காத்திருப்போர் பட்டியலில் பேரனுக்கும் சேர்த்துப் பெயர் கொடுத்துவைக்கலாம். காப்பீடு 2,100. ஆனுவல் என்கிற வருடாந்தரச் சோதனை, சிறு பழுதுகளையும் சேர்த்துச் சராசரியாக 4,250. இது சட்டம், பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதிகாரம் பெற்ற மெக்கானிக் முழுக்கப் பிரித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடாவிட்டால் விமானம் பறக்கக் கூடாது. கவுன்டி என்கிற மாவட்ட நிர்வாகத்துக்குச் சொத்து வரி 920, ஜனவரி முதல் தேதி நிலவரப்படி விமானம் வழக்கமாக எந்தக் கவுன்டியில் நிற்கிறதோ அங்கே போகும். ஜி.பி.எஸ். தரவுக்கு 310, ராடாருக்குப் பதில் சொல்கிற டிரான்ஸ்பாண்டர் கருவியின் சோதனை முதலான சில்லறைகள் 160. கூட்டினால் 10,140.

பறந்தால் ஆகிற செலவு தனி. மணிக்கு எட்டு கேலன் குடிக்கும், கேலன் ஆறரை டாலர் என்று வைத்தால் 52. ஆயிலும் ஃபில்டரும் 3. திடீர்ப் பழுதுக்கு 10. எஞ்சின் உண்டியலுக்கு 18. இந்த உண்டியல் எதற்கென்றால், 2,000 மணி நேரம் ஓடினால் எஞ்சினை முழுக்கப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார், தனியார் விமானத்துக்கு அது கட்டாயமில்லை என்றாலும் ஒருநாள் செய்துதான் ஆக வேண்டும். எங்களுக்குச் சொன்ன விலை 36,000, அதை 2,000-ஆல் வகுத்தால் 18. ஆக மணிக்கு 83.

இப்போது நான் தனியாக வாங்கி வருடத்துக்கு 50 மணி நேரம் பறந்தால் மணிக்கு 286 டாலர் விழும். வாடகை 195. வாடகையோடு சமமாக வருவதற்கே 90 மணி நேரம் பறக்க வேண்டும். வேலைக்குப் போகிற, பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்கும் நீச்சலுக்கும் கொண்டுவிடுகிற ஒருவனால் 90 மணி நேரம் பறக்க முடியுமா? வாங்குவதற்கு முன்னால் எல்லோரும் முடியும் என்றுதான் சொல்வார்கள். நிலையத்தில் எங்கள் வரிசையில் நிற்கிற விமானங்களில் பாதி, டயரில் காற்றிறங்கி, இறக்கைக்குள் குருவி கூடு கட்டி நிற்கின்றன. அவற்றின் சொந்தக்காரர்களும் ஒருகாலத்தில் இதே மாதிரி எக்செல் தாளில் 100 என்று போட்டவர்கள்தான்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பாட்டி சொல்வாள். விமானத்தில் சுண்டைக்காயே முக்கால் பணம், சுமைகூலிக்குக் கணக்கே கிடையாது.

மூன்று பேர் என்றால் 10,140 என்பது ஆளுக்கு 3,380 ஆகிவிடுகிறது. 50 மணி நேரம் பறந்தாலும் மணிக்கு 151. வாடகையோடு சமமாவதற்கு 30 மணி நேரம் போதும். அதுவும் இது டாக் மணி, வாடகையின் ஹாப்ஸ் மணியோடு ஒப்பிட்டால் இன்னும் நமக்குச் சாதகம். இந்த எண்ணைப் பார்த்தபிறகு ஆள் தேட ஆரம்பித்தேன். ஒருவர் கோயம்புத்தூர்க்காரர், சிப் வடிவமைப்பு வேலை, என் வயசு. இன்னொருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், அமெரிக்கர், நாற்பது வருடமாகப் பறக்கிறவர். 2021-இல் 78,000 டாலருக்கு இந்த 1975 மாடலை வாங்கினோம், ஆளுக்கு 26,000. வாங்கிய சில மாதத்தில் மாநிலத்திலிருந்து கடிதம் வந்தது, விற்பனை வரி 7,300 கட்டச் சொல்லி. தனி ஆளிடம் வாங்கினாலும் வாங்கியவர் இந்த வரியைக் கட்ட வேண்டும் என்பது மூன்று பேரில் ஆசிரியருக்கு மட்டும் தெரிந்திருந்தது, எங்களுக்கும் தெரியும் என்று நினைத்து அவர் சொல்லவில்லையாம்.

இன்னொரு ஓட்டையும் எங்கள் கணக்கில் இருந்தது, அதை நானே ஒரு வருடம் கழித்துத்தான் கவனித்தேன். வாங்கும்போதே எஞ்சின் 1,100 மணி நேரம் ஓடியிருந்தது. மிச்சம் 900. அந்த 900 மணி நேரத்துக்கு 18 டாலர் வீதம் உண்டியலில் போட்டாலும் 16,200-தான் சேரும். எஞ்சினுக்கு 36,000. முந்தைய உரிமையாளர் ஓட்டிய 1,100 மணி நேரத்துக்கான பணம் அவர் பையிலேயே போய்விட்டது, அதைக் கழித்துத்தான் விலை பேசினோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். பங்கு வாங்கப் போகிறவர்கள், உண்டியலில் எவ்வளவு இருக்கிறது, எஞ்சினில் எவ்வளவு மணி ஓடியிருக்கிறது, இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும். ஒன்றை மட்டும் பெருமையாகச் சொல்கிறவரிடம் மற்றதை விடாமல் கேளுங்கள்.

ஒப்பந்தம் பதினோரு பக்கம். ஆசிரியர் எழுதினார். யாராவது விலகினால் மற்ற இருவருக்கும் முதல் உரிமை, பங்கு விற்கும்வரை விலகுகிறவர் மாதச் சந்தாவைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், 500 டாலருக்கு மேல் செலவென்றால் இரண்டு பேர் ஒப்புக்கொள்ள வேண்டும், பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்றால் ஒருவர் சொன்னாலே விமானம் நிற்கும், யாரும் எதிர்த்துப் பேசக் கூடாது. கடைசி விதியைப் பார்த்து, இதெல்லாம் எழுதணுமா என்று எனக்குத் தோன்றியது. இரண்டாவது வருடம் அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

ஆனால் முதல் சண்டை பேட்டரியில் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கோயம்புத்தூர்க்காரர் குடும்பத்தோடு கிளம்பிப்போனால் விமானம் செத்துக் கிடக்கிறது, யாரோ மாஸ்டர் சுவிட்சை அணைக்காமல் போயிருக்கிறார்கள். விமான பேட்டரி சார்ஜ் போட்டும் எழவில்லை, புதுசு 400 டாலர். எங்கள் மூவர் குழுவில் மிக நாசூக்காக ஒரு செய்தி போட்டார்: "யாருங்க கடைசியா எடுத்தது? சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறனுங்க." நான் பதிலுக்கு, பழைய பேட்டரி அப்படித்தான், சார்ஜ் நிற்காது என்று ஒரு பத்தி எழுதி அனுப்பினேன். ஆசிரியர் எதுவும் சொல்லாமல் பறந்த நோட்டின் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டார். கடைசி வரி என் கையெழுத்து. அன்றைக்குத்தான் காயில் கருகிய செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் தாத்தா ஏன் அப்படிக் கத்தினார் என்று புரிந்தது. 400 டாலரைக் கட்டினேன். அப்போதிருந்து விமானத்தைக் கட்டிவிட்டு நடந்தால் வேலிக் கதவுவரை போய்த் திரும்பி வந்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

இரண்டாவது வருட ஆனுவலில் மெக்கானிக் போன் செய்து நேரில் வரச் சொன்னார். சிலிண்டருக்குள் 80 பவுண்ட் அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பார்கள். மற்ற மூன்று சிலிண்டரும் 74, 75 என்று காட்டின, மூன்றாம் எண் சிலிண்டர் மட்டும் 52. காற்று எங்கே போகிறது என்று காட்டுகிறேன் வா என்று புகைக்குழாய் முனையில் என்னைக் குனியச் சொன்னார். காதை வைத்தேன். பிரஷர் குக்கர் விசில் வருவதற்கு முன்னால் ஒரு மெல்லிய சீறல் வருமே, அது. அப்புறம் குழாய்க் கேமராவை உள்ளே விட்டு எக்ஸாஸ்ட் வால்வின் முகத்தைக் காட்டினார். நல்ல வால்வில் நிறம் வட்டவட்டமாக, ஒழுங்காக இருக்குமாம். இதில் ஒரு ஓரம் மட்டும் பிறை மாதிரிப் பச்சையும் காவியுமாகக் கருகியிருந்தது, தோசைக்கல்லின் ஒரு பக்கம் மட்டும் தீ அதிகமாக எரிந்தால் தோசை எப்படி வரும், அப்படி.

கோயம்புத்தூர்க்காரர் இன்னும் இருபது மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி சோதிக்கலாம் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு, சில சமயம் ஓட்டினால் வால்வு தானாகச் சரியாக உட்கார்ந்து எண் ஏறும். ஆனால் கேமராவில் ஓரம் கருகியது தெரிந்தபிறகு அந்தப் பேச்சு எடுபடாது. ஆசிரியர் ஒரே வரி எழுதினார், ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கம், நான் பறக்க மாட்டேன், என்று. முடிந்தது. புது சிலிண்டரும் கூலியும் சேர்த்து 4,110 டாலர், ஆளுக்கு 1,370. பாகம் வர ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் நிறுத்துமிட வாடகையும் காப்பீடும் வழக்கம்போல ஓடின, அவற்றுக்கு ஏது விடுமுறை.

பெட்ரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த விமானங்கள் குடிக்கிற 100 எல்.எல். என்பதில் இன்னமும் ஈயம் இருக்கிறது. விமான நிலையத்தைச் சுற்றி வீடுகள், பள்ளிகள். சாண்டா கிளாரா கவுன்டி 2022 ஜனவரி முதல் தேதியிலிருந்து தன் இரண்டு நிலையங்களிலும் ஈயப் பெட்ரோல் விற்பதை நிறுத்தியது. பலருக்குக் கோபம், அவர்களுடைய எஞ்சினுக்கு அதிக ஆக்டேன் வேண்டும், வேறு ஊர் போய் நிரப்ப வேண்டியிருந்தது. எங்கள் 1975 மாடல் எஞ்சின் 80 ஆக்டேனுக்குச் செய்தது, ஆகவே ஈயமில்லாத 94-லேயே சுகமாக ஓடுகிறது, அனுமதிக் காகிதம் ஒன்றை வாங்கி விமானப் புத்தகத்தில் சேர்த்ததோடு சரி. முன்பெல்லாம் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் உள்ளே கடுகளவு ஈய உருண்டைகள் ஒட்டியிருக்கும், குத்தி எடுக்க வேண்டும். இப்போது இல்லை. அந்தக் கடுகு பக்கத்துத் தெருப் பிள்ளைகளின் மூச்சிலும் போயிருக்கும் என்பதை நினைத்தால் கோபப்பட்டவர்கள் பக்கம் என்னால் சேர முடியவில்லை.

நண்பர்கள் அடிக்கடி கேட்பது: தாஹோ ஏரிக்குக் கூட்டிப்போங்கள், முழுச் செலவையும் நாங்கள் பகிர்ந்து தந்துவிடுகிறோம். ஆசையாகத்தான் இருக்கும். முதல் விஷயம், நாலு இருக்கை இருந்தாலும் டாங்க் நிரப்பினால் மூன்று பேர்தான், எடை இடிக்கும். இரண்டாவது, சட்டம். தனியார் உரிமம் வைத்திருப்பவர் தன் பங்கைக் கட்டாயம் கொடுத்தே ஆக வேண்டும், மூன்று பேர் போனால் மூன்றில் ஒன்று என்னுடையது. பெட்ரோல், ஆயில், நிலையக் கட்டணம், விமான வாடகை, இவற்றைத்தான் பகிரலாம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கிளப்பிலிருந்து வாடகைக்கு எடுத்துப் போனால் 195 டாலரையும் பகிரலாம், ஏனென்றால் அது வாடகை. என் சொந்த விமானத்தில் போனால் பெட்ரோலையும் ஆயிலையும் நிலையக் கட்டணத்தையும்தான் பகிர முடியும், காப்பீடு, ஆனுவல், சிலிண்டர் எதையும் தொடக் கூடாது. நண்பர்களோடு ஊர் சுற்றுவது மட்டும்தான் நோக்கம் என்றால் வாடகைதான் மலிவு. ஊர் அறியச் சொல்லி ஆள் சேர்ப்பதும் கூடாது. ஃப்ளைட்நவ் என்ற நிறுவனம் விமானிகளையும் செலவைப் பகிர விரும்பும் பயணிகளையும் இணையத்தில் சேர்த்துவைக்கப் பார்த்தது. அமெரிக்க அரசின் விமானத் துறையான எஃப்.ஏ.ஏ. தடுத்தது, வழக்கு நடந்தது, 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் எஃப்.ஏ.ஏ. பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆகவே எங்கள் தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுவில், சனிக்கிழமை தாஹோ போகிறேன், இரண்டு இடம் காலி, தலைக்கு இவ்வளவு என்று நான் போட்டால் மாட்டிக்கொள்வேன். போடுங்களேன் என்று சங்கச் செயலாளரே கேட்டிருக்கிறார்.

போன வருடம் நான் 62 டாக் மணி பறந்தேன். நிலையான செலவில் என் பங்கு 3,380, பறந்ததற்கு 5,146, மொத்தம் 8,526. சிலிண்டருக்குக் கொடுத்த 1,370 அதற்கு முந்தைய வருடத்தது என்றாலும் அதையும் இதில் ஏற்றினால் 9,896, மணிக்கு 160-க்குக் கொஞ்சம் கீழே. இதே பறப்பை வாடகைக்கு எடுத்திருந்தால் ஹாப்ஸில் 74 மணி, 14,430 டாலர். முடங்கிக் கிடக்கிற 26,000-க்கு வட்டி போட்டுப் பார்த்தால் இந்த இடைவெளி சுருங்கும் என்று அப்பா சொல்வார், சொன்னார். ஆனால் வாடகையில் நான் 62 மணி பறந்திருக்கவே மாட்டேன். போன வருடம் மூன்று தடவை ராத்திரி வெளியூரில் தங்கிவிட்டு வந்தேன், ஒரு தடவை காற்று சரியில்லை என்று இரண்டாவது ராத்திரியும் தங்கினோம், யாருக்கும் இரண்டு மணி நேர வாடகை கொடுக்கவில்லை. என் மனைவி அந்த இரண்டாவது ராத்திரியில் கேட்டது, "இப்ப மீட்டர் ஓடுதா, ஓடலையா?" ஓடவில்லை என்றதும் நிம்மதியாகத் தூங்கிவிட்டாள்.

இந்த வருடம் காப்பீடு புதுப்பிக்கும்போது வந்த கணக்கு வேறு மாதிரி. ஆசிரியருக்கு எழுபது ஆகிவிட்டது. எழுபதைத் தாண்டினால் காப்பீட்டுக்காரர்கள் முகம் மாறும், 2,100 இருந்தது 3,450 ஆகிவிட்டது. கூடின 1,350-ஐத் தானே கட்டிவிடுவதாக அன்றைக்கே எழுதிவிட்டார். கோயம்புத்தூர்க்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவரு இல்லீன்னா இந்நேரம் நாம ரெண்டு பேரும் கோர்ட்டுல நின்னிருப்போமுங்க, மூணாப் போட்டுக்கலாம்" என்றார். மூன்றாகப் போட்டால் நிலையான செலவு ஆளுக்கு 450 டாலர் கூடும். ஆசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று நாள் இழுபறி. கடைசியில், ஆயில் மாற்றுவது முழுக்க இனி அவர் பொறுப்பு, அதற்கு ஈடாக 1,350 மூன்றாகப் பிரியும் என்று முடிவானது. விமானி உரிமம் உள்ள உரிமையாளரே ஆயிலை மாற்றிப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சட்டம் விடுகிறது. ஏற்கெனவே நாலு வருடமாக அவர்தான் மாற்றிவந்தார் என்பதை மூன்று பேருமே மறந்துவிட்ட மாதிரி நடந்துகொண்டோம்.

போன சனிக்கிழமை நானும் கூட நின்றேன். கறுத்த ஆயில் வடிந்து முடித்ததும் பழைய ஃபில்டரை டின் ஓப்பனர் மாதிரி ஒரு கருவியால் சுற்றி வெட்டினார். உள்ளே இருந்த மடிப்புக் காகிதத்தை விசிறி மாதிரி விரித்து, பிழிந்து, வெயிலில் காட்டி, மெல்ல மெல்லத் திருப்பினார். உலோகப் பொடி இருந்தால் மினுங்கும். ஒரு காந்தத்தை அதன்மேல் ஓட்டச் சொல்லி என் கையில் கொடுத்தார். ஓட்டினேன், ஒன்றும் ஒட்டவில்லை. எழுபது வயசுக் கண்ணை நம்ப வேண்டாம், நீ ஒருமுறை பார் என்றார். பார்த்தேன். புத்தகத்தில் டாக் எண்ணை நான் சொல்ல அவர் எழுதினார்.